இருபத்தைந்தாம் வருட ஒயின்

ஏப்ரல் 2, 2024 – செவ்வாய்

சிஸ்டர் லூசியா எழுதச் சொல்லிவிட்டார், எழுதுகிறேன். போன மாதம் மதுரையில் குடிநோய் மறுவாழ்வு இல்லத்தில் குடும்பக் கூட்டம் நடந்தது. "வீட்டுல ஒருத்தர் தினமும் நாலு வரி எழுதுங்க. குடிச்சாரா, சாப்பிட்டாரா, தூங்கினாரா. அது போதும்" என்றார். இருபத்தாறு வருடமாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தவள் நான். இப்போது எனக்கு ஒருவர் கொடுக்கிறார். நல்ல கூத்து.

என் கணவர் சலேத்ராஜ், வயது ஐம்பத்து நாலு, மின்வாரியத்தில் ஃபோர்மேன். போன ஜூனில் ரத்த ரத்தமாக வாந்தி எடுத்தார். "ஈரல் முக்கால்வாசி போச்சும்மா. இனி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா என்கிட்ட தூக்கிட்டு வராதீங்க, நேரா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிருங்க" என்றார் டாக்டர். அதிலிருந்து பத்து மாதம்.

குடிக்கவில்லை. சாப்பிட்டார். தூங்கினார்.

ஏப்ரல் 5 – வெள்ளி

குடிக்கவில்லை. சாப்பிட்டார். தூங்கினார்.

சாயங்காலம் கஸ்பார் அண்ணன் வந்தார். இவருடைய பால்ய சிநேகிதர், கம்பத்துக்கு மேற்கே பன்னீர்த் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். தவக்காலம் முழுக்கப் பத்தியமாக இருந்துவிட்டு, ஈஸ்டர் முடிந்ததும் மீசையைத் தடவிக்கொண்டு வருவார். உட்காரக்கூட இல்லை, ஆரம்பித்துவிட்டார்.

"தங்கச்சி, மே பன்னெண்டு ஞாபகம் இருக்குல்ல? வெள்ளி விழா. பெட்டியத் தொறந்துர வேண்டியதுதான்."

பெட்டி என்றால் ஒயின் பெட்டி. எங்கள் கல்யாண வருடம் கஸ்பார் அண்ணனும் இவரும் இன்னொரு சிநேகிதரான தியோடரும் சேர்ந்து தோட்டத்துத் திராட்சையை மிதித்து, ஜாடியில் ஊறவைத்து, வடிகட்டிப் பன்னிரண்டு பாட்டில் போட்டார்கள். தக்கை அடித்து, மெழுகுவர்த்தியை உருக்கி வாயை மூடி, மரப்பெட்டியில் உமியைப் பரப்பிப் படுக்கவைத்தார்கள். கஸ்பார் அண்ணன் குடும்பத்து வழக்கம் அது. ஐந்தாம் வருடம் ஒன்று, பத்தாம் வருடம் ஒன்று திறந்தோம். மீதி பத்தும் இருபத்தைந்தாம் வருடத்துக்கு. திறக்கிற அன்று முதல் கிளாஸ் ஜோடிக்கு. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, தன் கையால் கணவனுக்குக் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு.

"அவருக்கு ஆகாதேண்ணே" என்றேன்.

"அட, இதென்ன சாராயமா? ஒயினு தங்கச்சி. பூசையில சாமியாரே குடிக்கிறாரு."

அவர் சொல்வதிலும் தப்பில்லை. எங்கள் ஆட்களிடம் ஒயின் குடியில் சேராது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கே ஒரு மூடி கொடுப்போம். சளிக்கு ஒயின், பிள்ளை பெற்றவளுக்கு ஒயின். இவர் குடித்துச் சீரழிந்தது பிராந்தியில். ஒயினில் சீரழிந்தவன் ஒருத்தனை நான் பார்த்ததில்லை.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 9 – செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை, தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இவர் வேலையிலிருந்து வந்ததும் கழற்றிப் பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டார். முன்பெல்லாம் ஒரு மோட்டாரைக் கழற்றினால் தெருவே கேட்கிற மாதிரி அதைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே கழற்றுவார்.

இன்று அவர் பேசியதை எண்ணினேன். "ம்." "சரி." "போதும்." "கதவப் பூட்டிட்டியா?" மொத்தம் ஐந்து வார்த்தை. சிஸ்டரே, பேசினாரா என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே!

குடிக்கவில்லை. சாப்பிட்டார். தூங்கினார்.

ஏப்ரல் 19 – வெள்ளி

ஓட்டுப் போட்டோம். தேர்தலுக்காக மூன்று நாள் கடை மூடல். குடிகாரன் பெண்டாட்டிகள் எல்லாம் இன்று பூத்தில் முகம் தெளிந்து நின்றார்கள். என்னையும் பார்த்துச் சிரித்தார்கள், அவர்களில் ஒருத்தி என்பதுபோல. எரிச்சலாக வந்தது.

குடிக்கவில்லை.

ஏப்ரல் 24 – புதன்

மகள் செலின் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தாள். அங்கே நர்ஸாக இருக்கிறாள். மே பன்னிரண்டுக்கு லீவு கிடைக்கவில்லையாம். வெள்ளி விழாவுக்கு ஒயின் திறக்கிறோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அப்பா இருக்கிற எடத்துல பாட்டிலே தொறக்கக் கூடாது."

"ஒயின்தானடி. அதுவும் வீட்ல போட்டது."

"ஈரலுக்கு அது தெரியுமா? வீட்ல போட்டதுன்னு பாத்து விட்ருமா?"

"இருவத்தஞ்சு வருசமாக் காத்துக் கெடக்கு அந்தப் பெட்டி. ஆம்பளைங்க மூணு பேரும் ஆசையா..."

"ஆம்பளைங்க ஆசைப்படட்டும். நீ எதுக்கும்மா இவ்ளோ ஆசைப்படுற?"

வைத்துவிட்டேன். இருபத்து மூன்று வயதுக்கு என்ன வாய் பாருங்கள். நான் எங்கே ஆசைப்பட்டேன்? கேட்டது கஸ்பார் அண்ணன்.

குடிக்கவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. தூங்கினார்.

ஏப்ரல் 28 – ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கஸ்பார் அண்ணன் மனைவி புளோரா மதினி பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஜெசிந்தா, அண்ணன இப்படி முந்தானைல முடிஞ்சு வெச்சுட்ட? எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, உங்க வீட்டுக்கு வந்தா எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்காம்."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஒன்று எழுதவேண்டும். சிஸ்டர் படித்தால் படிக்கட்டும். இவர் குடித்த நாட்களில் முதல் இரண்டு கிளாஸ் வரை அவரைப்போல ஒரு மனுஷன் கிடையாது. பாடுவார். அடுப்படிக்கு வந்து நான் உரிக்கிற வெங்காயத்தைப் பிடுங்கித் தான் உரிப்பார். ஸ்கூலில் யார் என்னைத் திட்டினாலும் அவனை அன்றைக்குக் கரண்ட் கம்பத்தில் ஏற்றிவிடுவதாகச் சொல்வார். நாலாவது கிளாஸுக்குத் தட்டு பறக்கும், கை நீளும். இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தை வைத்துத்தான் நான் இருபத்து நாலு வருடம் குடும்பம் நடத்தினேன். இப்போது அடியும் இல்லை, அந்த அரை மணி நேரமும் இல்லை. நல்லது நடந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆமாம், நல்லதுதான்.

குடிக்கவில்லை. சாப்பிட்டார். தூங்கினார்.

மே 4 – சனி

புதுச்சேலை எடுக்கப் போனோம். மயில் கழுத்துக் கலர். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "ம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தானாக வாயைத் திறந்தார். ஆச்சரியமாக இருந்தது.

"ஜெசி, கஸ்பார்ட்ட பெட்டி வேணாம்னு சொல்லிரட்டா?"

"ஏங்க?"

"கடையத் தாண்டிப் போகயில வாசன வந்தாலே கை நடுங்குது. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் தாண்டுறேன்."

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. தியோடர் அண்ணன் கோவாலேருந்து இருவது வருசத்துக்கு முன்னாடி வாங்கின பாட்டில வேற கொண்டாறாராம். நீங்க தொட வேணாம். நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்கிறியா?"

"பாத்துக்கிறேன்னு சொல்றேன்ல."

பஸ் வந்துவிட்டது. ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார்.

மே 11 – சனி

மொட்டைமாடி கழுவினேன். முட்டிவலி உயிரை எடுக்கிறது. குடிக்கவில்லை.

மே 12 – ஞாயிறு

காலையில் பூசை. வெள்ளி விழா ஜோடி என்று எங்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நன்மை வாங்கும்போது ஜோடிகளுக்கு அப்பத்தைத் திராட்சை ரசத்தில் தோய்த்துக் கொடுப்பது வழக்கம். எனக்குக் கொடுத்தார். இவரிடம் வந்தபோது இவர் கிண்ணத்தின் மேல் கையை வைத்து மறைத்து, "அப்பம் மட்டும் போதும் சாமி" என்றார். சாமியார் ஒரு கணம் முழித்தார். பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆண்டவருடைய ரத்தத்தைக்கூட வேண்டாம் என்கிறானே என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மானமே போனது.

சாயங்காலம் மாடியில் சாப்பாடு. ஆட்டுக்கறிச் சுக்கா, இடியாப்பம், எலும்புக் குழம்பு, ஒரு கேக். கஸ்பார் அண்ணன், புளோரா மதினி, தியோடர் அண்ணன், நாங்கள் இருவர். தியோடர் மிலிட்டரியில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டாள், அதனால் எந்த விருந்துக்கும் முதல் ஆளாக வந்துவிடுவார்.

பெட்டியைத் திறந்தபோது உமிக்குள்ளிருந்து ஒரு பழைய வாசனை வந்தது. முதல் பாட்டில் காடியாகிப் போயிருந்தது. தியோடர் அண்ணன் வாயில் விட்டுத் தூ தூ என்று துப்பினார். "பொண்ணு மாப்ள சண்டை போட்ட வருசத்துப் பாட்டில்போல" என்று கஸ்பார் அண்ணன் சொல்ல, சிரிப்பு. இரண்டாவதும் காடி. மூன்றாவது நன்றாக இருந்தது. வெள்ளைத் துணியில் வடிகட்டியபோது அடிவண்டல் துணியில் நின்றது, ஒயின் கடுந்தேநீர் நிறத்தில் இறங்கியது. போட்ட புதிதில் கருஞ்சிவப்பாக இருந்தது. வாயில் வைத்தால் முதலில் உலர்ந்த திராட்சை, கடைசியில் கிராம்பு. தியோடர் அண்ணனின் கோவா ஒயின் இன்னும் இனிப்பு, பாகு மாதிரி. ஆனாலும் நம் வீட்டுப் பாட்டில் முன்னால் அது நிற்காது என்று அவரே ஒத்துக்கொண்டார்.

முறைப்படி முதல் கிளாஸ் எங்களுக்கு. நான் ஒரு வாய் குடித்தேன். கிளாஸ் அவர் கைக்குப் போனது. நாலு பேர் கூடின இடத்தில், சுற்றி உட்கார்ந்து வற்புறுத்தினால் மனுஷன் என்ன செய்வார்?

அதற்கப்புறம் இன்னொரு கிளாஸ். அப்புறம் பாடினார். கல்யாணத்தன்று பாடிய அதே பாட்டு. என் சேலையைப் பார்த்து, "மயிலு மாதிரி இருக்கடி" என்றார், எல்லார் முன்னாலும். புளோரா மதினி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும்.

சாப்பிட்டார். தூங்கினார்.

மே 13 – திங்கள்

காலையில் ஆறு மணிக்கே எழுந்து, தானே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். பேச்சான பேச்சு. ஆபீஸ் கதை, புது ஏ.ஈ. கதை. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. எதற்குப் பயந்தோம் என்று இருந்தது. ஒயின் குடியில் சேராது என்று நான் சொன்னேனா இல்லையா?

வேலைக்குக் கிளம்பும்போது, "பெட்டில இன்னும் எத்தன இருக்கு?" என்று கேட்டார்.

"ஏழு இருக்கும்."

"திறக்க ஆரம்பிச்ச பெட்டி. வெச்சிருந்தா வீணாத்தான் போகும்."

மே 14 – செவ்வாய்

சாயங்காலம் ஒரு பாட்டில். இரண்டு கிளாஸோடு நிறுத்தினார். வெங்காயம் உரித்தார். நானே கூட உட்கார்ந்து அரைக் கிளாஸ் குடித்தேன்.

மே 15 – புதன்

கஸ்பார் அண்ணன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொடுத்த பொருளைத் திரும்பத் தூக்கிப்போகிறவனை என்னவென்று சொல்வது!

மே 18 – சனி

வேலை முடிந்து வர எட்டு மணி. பிராந்தி வாடை. "ஒரு கட்டிங்தான்" என்றார். ஒயின் இருந்திருந்தால் கடைக்குப் போயிருப்பாரா? கஸ்பார் அண்ணனைத்தான் சொல்லவேண்டும்.

மே 21 – செவ்வாய்

குடித்தார்.

மே 22 – புதன்

குடித்தார். சாப்பிடவில்லை. தட்டு உடைந்தது.

மே 27 – திங்கள்

செலின் போன் செய்தாள். அப்பா எங்கே என்றாள். தூங்குகிறார் என்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கா என்றாள். அசதி என்றேன்.

கண்ணில் மஞ்சள் தெரிகிறது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்.

மே 30 – வியாழன்

தாங்கமுடியாமல் கஸ்பார் அண்ணன் தோட்டத்துக்கே போய்விட்டேன். பந்தலுக்கடியில் நின்று கத்தினேன். கொத்து வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"நல்லா இருந்த மனுசன கெடுத்துட்டீங்களேண்ணே! ஒயினு ஒயினுன்னு பெட்டியத் தூக்கிட்டு வந்து எங் குடியக் கெடுத்துட்டீங்களே! நீங்கள்லாம் சிநேகிதனா?"

கஸ்பார் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். புளோரா மதினிதான் முன்னால் வந்தாள்.

"யாருடி கெடுத்தது? செலின் போன் பண்ணி அழுதான்னு, அண்ணனுக்குன்னு தனியா ஜூஸ் புழிஞ்சு கொண்டாந்தாரே எங்க வீட்டுக்காரரு, அந்தப் பாட்டிலத் தூக்கி மேசைக்கு அடில வெச்சது யாரு? நானா?"

"ஏய், நீ உள்ள போ" என்று அண்ணன் அவளை அதட்டினார். "தங்கச்சி, மாப்ளய நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம். அதப் பேசுவோம் மொதல்ல."

பஸ்ஸில் வரும்போது கைக்குட்டை முழுக்கக் கண்ணீர்.

சரி, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு யாரும் வற்புறுத்தவில்லை. கஸ்பார் அண்ணன் ஜூஸை ஒரு கிளாஸில் ஊற்றி, "முறைக்கு இதக் குடுத்துரு தங்கச்சி, ரெண்டும் ஒரே திராட்சதான்" என்றார். தியோடர் அண்ணன்கூட, "அதான் சரி" என்றார். புளோரா ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள், பச்சைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதைப் பார்க்கிற மாதிரி. நான் ஜூஸைப் பாட்டிலோடு மேசைக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு ஒயின் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்து அவரிடம் நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார். "வேணுமா ஜெசி?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு மட்டும் கேட்டது.

"இன்னிக்கு ஒரு நாள்ங்க. எனக்காக" என்றேன்.

காலையில் கடவுள் கொடுத்ததையே கைவைத்து மறைத்தவர் அவர்.

இந்தப் பக்கத்தைச் சிஸ்டருக்குக் காட்டப்போவதில்லை.

ஜூன் 9 – ஞாயிறு

பத்தாம் நாளாக ஆஸ்பத்திரி. வயிறு ஊதியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது. நேற்று மறுபடி ரத்தம். கஸ்பார் அண்ணனும் தியோடர் அண்ணனும் ரத்தம் கொடுத்தார்கள். செலின் லீவு போட்டு வந்துவிட்டாள். சார்ட்டைப் படித்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டாள். நான் கொண்டுபோன இட்லியைத் தொடவில்லை.

ஜூன் 12 – புதன்

சிஸ்டர் லூசியா மதுரையிலிருந்து பார்க்க வந்தார். இவருக்கு இன்று நினைவு தெளிவாக இருந்தது. உடம்பு முழுக்க மஞ்சள், ஆனால் பேச்சு குழறவில்லை.

சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். "பதினோரு மாசம் இருந்தீங்களே சலேத். கோவில்ல ரசம்கூட வேணாம்னு சொன்னீங்களாமே. அப்புறம் எப்படி? யாரு குடுத்தா?"

செலின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். கஸ்பார் அண்ணன் கால்மாட்டில் நின்று தரையைப் பார்த்தார்.

"யாரும் குடுக்கல சிஸ்டர்" என்றார் இவர். "நானேதான் எடுத்துக் குடிச்சேன். இவ கையப் புடிச்சுத் தடுத்தா. நான் தட்டிவிட்டேன்."

கஸ்பார் அண்ணன் நிமிர்ந்து இவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

செலின் சுற்றிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "சாரிம்மா. நான் உன்னத்தான் சந்தேகப்பட்டேன். சாரிம்மா" என்று தோளில் அழுதாள். சிஸ்டர் என் தலையில் கை வைத்து, "உங்க பொறுமைக்கு ஆண்டவர் கூலி குடுப்பாரு. அடுத்த மாசக் கூட்டத்துல நீங்க வந்து புதுக் குடும்பங்களுக்கு நாலு வார்த்தை பேசணும்" என்றார். நான் தலையாட்டினேன்.

எல்லாரும் வெளியே போனபிறகு கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

கண்ணைத் திறக்காமலே பேசினார். "நீ குடுத்தன்னு தெரிஞ்சா அவ உம் மொகத்துல முழிக்க மாட்டா. நான் போயிட்டா உனக்கு வேற யாரு இருக்கா?"

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். சத்தியமாக அதற்குத்தான் எழுந்தேன். செலின் வராந்தாவில் நர்ஸிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கதவு வரை போய் அவளைக் கூப்பிட்டேன். திரும்பினாள். ஒரு வாரமாக என்னைப் பார்க்காத பிள்ளை, அழுத கண்ணோடு சிரித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.